மலை ஏறக்கூடாத வருஷம்

மகனே,

சினிமாக் கொட்டகை மாடிப்படியில் டிக்கெட் கிழிக்கிறவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்ட கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. அத்தை சொல்லிக் கேட்டிருப்பாய். அவள் சொன்னதில் பாதிதான் நிஜம். நான் படம் பார்க்கப் போகவில்லை. மேட்னி ஆரம்பித்து ஜனங்கள் உள்ளே போய் அடங்கிய பிறகு, பால்கனிக்குப் போகிற வெளிப்படியில், தலையணை உறைக்குள் அரிசியைப் போட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். வியர்வை கண்ணில் வழிய ஏறிக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார்.

“இன்னா பெரிசு, மூட்டைய தூக்கிக்கினு எங்க கெளம்பிட்ட? உள்ள பொங்கி சாப்ட்டுக்கினே படம் பாக்கப் போறியா?”

“படம் பாக்க வரலபா. படி ஏற வந்தேன்.”

“படிக்குன்னு தனியா டிக்கெட் போடறதில்லையே!”

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலையில் மூட்டையோடு சிரித்தால் மூட்டை ஆடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் செய்தி பிள்ளையார்பாளையம் முழுக்கப் பரவி, அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். “பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பல, உனுக்கு மேட்னி கேக்குதா?” என்று வாசலில் நின்று கேட்டாள். தெருவே தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மலைக்குப் பழகுகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் வேறு எங்கே போய்ப் பழகுவது? நம் ஊரில் உயரமாக இருப்பதெல்லாம் கோபுரம். அதில் ஏற விடமாட்டார்கள். சோளிங்கருக்கோ திருக்கழுக்குன்றத்துக்கோ பஸ் ஏறினால் படியோடு மலை இருக்கிறது, ஆனால் மேலே சாமி இருக்கிறார். சாவு விழுந்த வீட்டுக்காரன் வருஷம் திரும்பும் வரை சாமி இருக்கிற மலையில் கால் வைக்கக்கூடாது. சாமி இல்லாத படியாகத் தேடினேன். கொட்டகைப் படிதான் கிடைத்தது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. இன்லண்டு லெட்டரில் இதற்குப் பதில் எழுத இடம் போதாது என்று முழுத்தாள் வாங்கி வந்திருக்கிறேன். உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் என் கடிதம் வந்தால் பிடுங்கிப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கட்டும். எட்டாவதோடு நின்றவன் எழுதியதைப் படித்து இரும்பு ஆலைக்காரர்கள் நாலு பேர் சிரித்தால் எனக்குப் பெருமைதான். தமிழ் தெரியாதவர்களுக்கு நீ படித்துச் சொல். கடைசிப் பக்கத்தை மட்டும் நீயே வைத்துக்கொண்டாலும் சரி, கொடுத்தாலும் சரி.

நீ இரண்டு கேட்டிருக்கிறாய். தை மாதம் என் கல்யாணத்துக்கு முன்னால் லீவு போட்டு வருகிறேன், இந்தத் தடவையாவது சபரிமலைக்குப் பெரிய பாதையில் என்னோடு நடக்க வருவாயா என்பது ஒன்று. நான்கு வருஷத்துக்கு முன்னால், எல்லாம் கூடி வந்தபோது, ஏன் வேண்டாம் என்றாய் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வருகிறேன். ஆசையாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே. ஆசை என்கிற சாமான் என்னிடம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கால் இருக்கிறது, நடக்கிறது, வருகிறேன்.

முழுப் பாதையும் வேண்டாம். எருமேலியில் கும்பிட்டுவிட்டு, வண்டி போகிற மட்டும் வண்டியில் போய், அழுதை ஆற்றிலிருந்து நடப்போம். அழுதை ஏற்றம், அப்புறம் காடு, அப்புறம் கரிமலை ஏற்றம், அதைவிட மோசமான கரிமலை இறக்கம், பம்பை. இந்தத் துண்டு போதும். இளவட்டங்கள் முழுசாக நடந்தால்தான் கணக்கு என்பார்கள். பேசட்டும், நீ என்னோடு வா. அங்கே செருப்புக் கிடையாது. உன் கால் நான்கு வருஷமாக ஆலை பூட்சுக்குள் இருந்து வெளுத்துப் போயிருக்கும். என் காலைக் கேட்கவே வேண்டாம், பிறந்ததிலிருந்து தறிக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிற கால், கல்லையே பார்த்ததில்லை. அதனால் கார்த்திகை ஒன்றாம் தேதி அங்கே நீ மாலை போட்டுக்கொண்டதும் காலையில் கொஞ்ச நேரம் மண்ணில் வெறுங்காலோடு நட. அட்டை கடித்தால் பிய்க்காதே, உப்பை வை, தானாக விழும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். கம்பளியைச் சுமக்காதே. அவல் நான் கொண்டு வருகிறேன்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று உன் நண்பர்கள் நினைப்பார்கள். போகாத மலையைப் பற்றி ஒரு வருஷம் முழுக்கப் பேசினால் யாருக்கும் தெரிந்துவிடும். நம் குருசாமிதான் வாத்தியார். சாயப்பட்டறைக்காரர், கை எப்போதும் அரக்கோ மாம்பழ மஞ்சளோ ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். மாலை போட்டவர்கள்தான் ஒருவரை ஒருவர் சாமி என்று கூப்பிட வேண்டும். அவர் வருஷம் முழுக்க எல்லோரையும் சாமி என்றே கூப்பிடுவார், கடன்காரனையும் சேர்த்து. அவரிடம் இருந்த புத்தகத்தில் பாதையின் படம் ஒன்று அச்சாகியிருந்தது. அதை வாங்கி வந்து நான் செய்த காரியம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பட்டு இழையை எடுத்து, வளைந்து வளைந்து போகிற அந்தக் கோட்டின் மேலேயே எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு போய், பிறகு அதை நீட்டி மைல் குறித்திருந்த கோட்டோடு வைத்து அளந்தேன். பார்த்தால், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிற காலையில் அதன் இரண்டு பக்கமும் நாம் போய் வருகிற நடைதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று, அழுதையில் விடியலில் கிளம்பினால் பம்பையில் போய்ப் பலகாரம் சாப்பிடலாம் என்று தெரு பூராவும் சொல்லிவிட்டேன்.

குருசாமி அந்த இழையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “சாமி, புஸ்தகத்துல மலை படுத்துக்கினு இருக்குது. நீ அங்க போகசொல்ல அது நின்னுக்கினு இருக்கும்பா” என்றார். நெசவுக்காரனுக்கு உலகம் முழுக்க நீளம் அகலம்தான். உயரத்தை நான் யோசிக்கவே இல்லை. நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது. அம்மா போன பிறகு நீ சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவே இன்னும் இரண்டு தப்புப் பண்ணலாம் என்று தோன்றியது. கொட்டகைப் படி அதில் ஒன்று என்று வைத்துக்கொள்.

மலைக்குப் போகிற பேச்சை முதலில் எடுத்தவன் நீ. அம்மா இருக்கும்போதே எடுத்தாய். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. “தெரு முனையில பீடி வாங்கறதுக்கே சைக்கிள் கேக்கற ஆளு. இவுரு மலை ஏறப் போறாராம். தே, நைனாவ இட்டுக்கினு போறதுன்னா ஒரு டோலியும் சேத்து புடிச்சுக்கினு போ” என்று உன்னிடம் சொன்னாள். அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தீபம் முடிந்த வாரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி இருந்தாள். மீதி உனக்குத் தெரியும்.

காரியம் முடிந்த அன்று, சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, இனி ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது என்று ஞாபகப்படுத்தினார்கள். கொள்ளி வைத்தவன் நீ, கட்டினவன் நான், இரண்டு பேருக்கும் ஆகாது. நீ மொட்டைத் தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். “வருஷம் திரும்பனதும் போலாமா நைனா?” என்றாய். நான் சரி என்றேன். நம் திட்டம் தொடங்கியது இப்படித்தான். எனக்கு மலையும் தெரியவில்லை, நீ கேட்டதும் சரியாகக் காதில் விழவில்லை. அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மோர் ஊற்றட்டுமா, சரி. அவள் புடவைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமா, சரி. பாயைச் சுருட்டி வைக்கட்டுமா, சரி.

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, அதனால் இதைச் சொல்கிறேன். சரி என்பது ரொம்ப வசதியான வார்த்தை. உன் அம்மாவுக்கு அது பிடிக்காது. “நீ சொல்ற சரியில ரெண்டு ரகம் இருக்குது. ஒண்ணு காதுல வாங்கின சரி, ஒண்ணு வாங்காத சரி. இது எந்தச் சரி?” என்று கேட்பாள். நான் மாட்டிக்கொண்டு விழிப்பேன். வருகிற பெண் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீ காதில் வாங்கிக்கொண்டு சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டு ஏன் என்பதையும் சேர்த்துச் சொல். அந்தக் கடைசிப் பங்கு எனக்கு வரவில்லை. அதனால்தான் இத்தனை தாள் செலவாகிறது.

காரியம் முடிந்ததும் தறியில் உட்கார்ந்தேன். அம்மா இருக்கும்போது ஆரம்பித்த கோர்வைச் சேலை பாதியில் நின்றிருந்தது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது உன் நண்பர்களுக்குத் தெரியாது, சொல்லு. என் வலது பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை இழைகளுக்கு ஊடே ஓட்டுகிறவள் அவள்தான், நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து. அன்று நான் உடம்பு நாடாவை ஓட்டிவிட்டு, மிதிகட்டையை மிதித்துவிட்டு, அவள் ஓட்டுவதற்காகக் காத்திருந்தேன். வெகு நேரம் காத்திருந்தேன். பிறகுதான் ஆள் இல்லை என்று உறைத்தது. அப்போது ஏதாவது நடந்திருக்க வேண்டும். மனுஷனுக்குத் தொண்டை அடைக்கும், கண் கலங்கும் என்கிறார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. என் கன்னம்தான், கை படுகிறது, எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அத்தையைக் கூட்டி வந்தேன். அவள் அழுதுகொண்டே கரை போட்டாள். நான் அழாமல் உடம்பு போட்டேன். அதற்குப் பிறகு ஒற்றை ஆள் நெய்கிற சேலையாகவே கேட்டு வாங்கினேன்.

அப்படியே மாதங்கள் போயின. நீ இரும்புப் பட்டறையில் வேலை முடித்து வந்து புத்தகத்தைப் பிரிப்பாய், குருசாமி வருவார், மூன்று பேரும் மலையைப் பற்றிப் பேசுவோம். எங்கே தங்குவது, யார் அரிசி, யார் பாத்திரம், காட்டில் யானை வந்தால் யார் முதலில் ஓடுவது. முதலில் ஓடுகிற இடத்தை எனக்கு ஒதுக்கித் தந்தீர்கள். அதெல்லாம் பேசும்போது நான் சிரித்தேன், கேள்வி கேட்டேன், கொட்டகையில் போய் ஏறினேன். பார்க்கிறவர்களுக்கு நான் தேறிவிட்டேன் என்று தோன்றியிருக்கும். கார்த்திகைக் கடைசியில் வருஷம் திரும்புகிறது, உடனே மாலை போட்டால் மகர ஜோதிக்குப் போய்ச் சேரலாம் என்று எல்லாம் கணக்காகப் பொருந்தியிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் உனக்கு வேலை உத்தரவு வந்தது. மார்கழி பிறக்கும்போது வடக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நீ உத்தரவை என் மடியில் வைத்துவிட்டு நின்றாய். வேலை வந்த சந்தோஷம் ஒரு கண்ணில், மலை போச்சே என்பது ஒரு கண்ணில். குருசாமிதான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தையும் இருந்தாள்.

“இதுக்கு இன்னாத்துக்கு சாமி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு? கல்யாணம் காட்சி வந்தா வருஷத்த முன்னாடி இழுத்து முடிக்கறதில்லையா? ஐயர கேட்டுக்கினுதான் வரேன். இந்த அமாவாசைக்கே வருஷாப்திகத்த முடிச்சுடுவோம். மறுநாளே மாலை. கார்த்திகை கடைசில மலை. பையன் வந்து ரயில் ஏறட்டும்.”

“அவளுக்கும் அதான் புடிக்கும். புள்ள மனசு நோவறத அவ பாத்துக்கினு இருப்பாளா?” என்றாள் அத்தை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் சரி என்று சொல்வேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கே இல்லை. குருசாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், அத்தை சாமான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். என் வாயிலிருந்து “வேணாம்” என்று வந்தது.

“இன்னாது?” என்றாள் அத்தை.

“வேணாம். வருஷம் முழுசா திரும்பட்டும்.”

“ஏன் நைனா?” என்றாய் நீ. “ஒரு வருஷமா நீதான இத பேசிக்கினு இருந்த?”

“தறியில சேலை இருக்குதுபா. பாதியில வுட்டுட்டு வர முடியாது.”

நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அது. தறியில் எப்போதும்தான் சேலை இருக்கிறது. ஆனால் நீ அதைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. “உனுக்கு என்கூட வரதுக்கே இஷ்டம் இல்ல. அத சொல்லிட்டு போயேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். குருசாமி, விடுங்க சாமி என்று யாரிடமோ சொன்னார். நான் தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டேன். கால் வைக்க வேறு இடம் தெரியவில்லை.

மலை இல்லை என்று ஆனதும், வருஷாப்திகத்துக்குக்கூட நிற்காமல் நீ முன்னாலேயே கிளம்பிவிட்டாய். அன்று பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டுகிறவனோடு நான் சண்டை பிடித்தேன், உன்னோடு பேசாமல் இருப்பதற்கு அது உதவியாக இருந்தது. வடக்கே குளிர் ஜாஸ்தி, கம்பளி வாங்கிக்கொள் என்றேன். சரி என்றாய். போனதும் கடுதாசி போடு என்றேன். சரி என்றாய். அது எந்தச் சரி என்று கேட்க அம்மா இல்லை. பஸ் திரும்பும்போது நீ என் பக்கம் திரும்பாமல் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நல்ல வேளை, என் முகத்தைப் பார்த்திருந்தால் அதில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கடிதம் போடுகிறாய், பணம் அனுப்புகிறாய், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உன்னோடு நடக்க எனக்கு இஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டே நான்கு வருஷம் இருந்திருக்கிறாய் என்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிகிறது. அப்படி நினைத்துக்கொண்டு நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது. அப்பன்காரனே கூட நடக்கப் பிரியப்படாத பிள்ளை நான் என்று ஒரு நினைப்பு இருந்தால், பெண்டாட்டி கொஞ்சம் மௌனமாக இருந்தாலும் அதையே நினைக்கத் தோன்றும்.

நீ போன பிறகு, மிச்சமிருந்த நாட்களை நான் இருந்து கழித்தேன். தனியாகவே நெய்தேன், தனியாகவே சாப்பிட்டேன், டிரான்சிஸ்டரைக்கூடப் போடவில்லை. தீபத்தன்று அகல் ஏற்றினேன். வருஷாப்திகத்துக்கு நீ அங்கே ஏதோ ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததாக எழுதியிருந்தாய், இங்கே உனக்குப் பதில் உன் சித்தப்பா மகன் உட்கார்ந்தான். பிண்டம் வைத்தார்கள், காக்கை வந்தது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே இன்றுவரை.

அன்று ஏன் நைனா என்று நீ கேட்டபோது, தறியில் சேலை இருக்கிறது என்று சொன்ன அதே நேரத்தில், நாக்கு வரைக்கும் வந்து நான் வெளியே விடாதது ஒன்று இருந்தது. குருசாமிக்கும் அத்தைக்கும் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்கு முன்னால் பயமாக இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

“உங்கம்மாவுக்கு நான் இன்னும் அழவே இல்லடா. அவளுக்குன்னு குடுத்த வருஷத்துல இன்னும் ஒண்ணரை மாசம் பாக்கி இருக்குது. அதுக்குள்ளயாவது வந்துடும்னு பாக்கறேன், அத எங்கிட்டருந்து எடுத்துடாதீங்கபா.”